கேசட்டில் கிடக்கும் காட்சிகளைக் கணினிக்குக் கொண்டுவருவது எப்படி: செங்கோட்டை வட்டாரத்தினருக்கான முழுமையான வழிகாட்டி

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பகுதிகளில் இருபது ஆண்டுகளுக்கு முன்பு வீடியோ கேமரா இருந்த வீடுகளில் நான் அறிந்தவை பெரும்பாலும் யாராவது ஒருவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்த வீடுகள்தாம். விடுமுறைக்கு வந்தபோது அவர்கள் கொண்டுவந்த கேமராவில் திருமணம், சடங்கு, பால்காய்ச்சு, குற்றாலக் குளியல் என்று எல்லாம் பதிவாயின. அவற்றோடு, கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தின் மேல் செல்லும் மீட்டர் கேஜ் ரயிலைச் சன்னலோரம் அமர்ந்து எடுத்தவர்களும் உண்டு. 1904இல் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதையில் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே மீட்டர் கேஜ் போக்குவரத்து 2010 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. 2018இல் அகலப்பாதையாக அது முழுமையாகத் திறக்கப்பட்டது. ஆகவே அந்தப் பழைய ரயில் உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கேசட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், அதை மீண்டும் எடுக்க எவராலும் இயலாது.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கேசட் இன்னும் எத்தனை முறை ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதை ஓட்டும் கேமராவின் நிலையும் அதுவே. எனவே கேசட்டிலிருந்து எடுக்கும்போது முழுவதையும், எதையும் வெட்டாமல், சுருக்காமல், கேசட்டில் உள்ள தரத்திலேயே எடுத்துவிட வேண்டும். படத்தொகுப்பை எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எங்கள் அண்ணன் திருமணத்தின் கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றி வாங்கினோம். மூன்று மணி நேரக் காட்சியை ஒரே வட்டில் அடக்குவதற்காக அவர்கள் அளவுக்கு மீறிச் சுருக்கியிருந்ததால், முகங்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ‘வட்டுதான் இருக்கிறதே’ என்று நாங்கள் அந்தக் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டோம். அந்தத் திருமணத்துக்கு இன்று எங்களிடம் இருப்பது அந்தக் கட்டங்கள் மட்டுமே.

உங்களிடம் இருப்பது எந்தக் கேசட்?

கேசட்டின் வகைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கேசட் என்றால் அது மினிடிவி. இங்கே டிவி என்பது தொலைக்காட்சியை அல்ல, டிஜிட்டல் வீடியோ என்பதைக் குறிக்கிறது. 1995இல் வந்த இந்த வகையில் நாடாவின் அகலம் சுமார் 6.35 மி.மீ. ஏறத்தாழ ஆடியோ கேசட் அளவிலும் அதைவிடத் தடிப்பாகவும் இருப்பது 8 மி.மீ. நாடா கொண்ட கேசட். அதில் 1985இல் வந்த வீடியோ-8, 1989இல் வந்த ஹை-8, 1999இல் வந்த டிஜிட்டல்-8 என மூன்று முறைகளில் பதிவு செய்திருக்கலாம். கேசட்டின் மேல் ‘ஹை-8’ என்று அச்சிட்டிருந்தாலும், டிஜிட்டல்-8 கேமராவில் எடுத்திருந்தால் உள்ளே இருப்பது டிஜிட்டல் பதிவுதான். ஆகவே கேசட்டை மட்டும் பார்க்காமல், எந்தக் கேமராவில் எடுத்தது என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிடவும் தடிப்பான கேசட்டாக, வி.எச்.எஸ். நாடாவே சிறு பெட்டியில் அடங்கியிருந்தால் அது வி.எச்.எஸ்.-சி.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. வி.எச்.எஸ்.-சி கேசட்டை ஓர் அடாப்டர் பெட்டிக்குள் வைத்துச் சாதாரண வி.சி.ஆரில் ஓட்ட முடியும். 8 மி.மீ. கேசட்டுக்கும் மினிடிவிக்கும் அப்படி ஓர் அடாப்டர் கிடையாது, இருக்கவும் முடியாது. நாடாவின் அகலமும் பதிவு முறையுமே வேறு. அவற்றை ஓட்ட அதே வகைக் கேமராவோ பிளேயரோ வேண்டும்.

அமெரிக்காவில் இருந்த உறவினர் எடுத்த கேசட்டாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ முறையில் நொடிக்கு 25 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்), அமெரிக்க ‘என்.டி.எஸ்.சி.’ முறையில் நொடிக்கு 29.97 சட்டகங்கள். பால் முறைக் கேமராவில் என்.டி.எஸ்.சி. கேசட்டைப் போட்டால் பொதுவாகச் சரியாக ஓடாது. கேசட் பழுதாகிவிட்டது என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஈரமும் பூஞ்சையும்

நம் வட்டாரத்தில் இது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைவதால், ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது நம் வீட்டுச் சுவர்களும் துணிகளும் எப்படி ஈரம் கோக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஈரம் கேசட்டுக்குள்ளும் போகிறது. கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகச் சுற்றியிருக்கும் நாடாவின் விளிம்பைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கருமையாக, மழமழப்பாக, சமமாகத் தெரிந்தால் நல்லது. வெள்ளையாகத் தூசி படிந்ததுபோலவோ, சிறுசிறு புள்ளிகளாகவோ, நூல் பின்னியதுபோலவோ தெரிந்தால் அது பூஞ்சை.

பூஞ்சை பிடித்த கேசட்டை எந்தக் காரணத்தைக் கொண்டும் உங்கள் கேமராவில் போடாதீர்கள். அது அந்தக் கேசட்டைக் கெடுப்பதோடு நிற்காது. நாடாவைப் படிக்கும் கேமராவின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துபோகவும் செய்யும். அத்தகைய கேசட்டுகளை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு மூன்று வாரம் மூடி வையுங்கள். இது பூஞ்சையை நீக்காது, மேலும் வளராமல் காய வைக்கும். நீக்குவதற்கு நாடாவைச் சுத்தம் செய்யும் கருவி வைத்திருக்கும் தொழில்முறையாளரிடம்தான் கொடுக்க வேண்டும். வெயிலில் காய வைப்பதும், முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவதும் நாடாவை நெளியச் செய்யும். பூஞ்சைக் கேசட்டுகளைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

பூஞ்சை இல்லாத கேசட்டுகளுக்கும் அவசரம் கூடாது. இந்த வேலைக்கு மாசி, பங்குனி மாதங்களின் உலர்ந்த பகற்பொழுது நல்லது என்பது என் அனுபவம். சாரல் நாட்களில் கேமராவைத் திறந்தால் பல நேரம் திரையில் ஈரப்பத எச்சரிக்கை தோன்றி, கேமரா ஓட மறுக்கும். அது பழுதல்ல; உள்ளே ஹெட் உருளையின் மேல் நீர் கோத்திருப்பதை உணர்ந்து கேமரா தன்னையும் நாடாவையும் காத்துக்கொள்கிறது. கேசட் வைக்கும் கதவைத் திறந்தபடி, மின்விசிறிக் காற்று நேராகப் படாத உலர்ந்த இடத்தில் ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேமராவைத் தயார் செய்தல்

பழைய பேட்டரியை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. கேமராவின் சார்ஜரை நேரடியாக மின்சாரத்தில் செருகிக்கொள்ளுங்கள். முதலில் போடுவது வீட்டின் அருமையான கேசட்டாக இருக்கவே கூடாது. தேவையற்ற ஒரு கேசட்டைப் போட்டு, அது உள்ளே போகிறதா, ஓடுகிறதா, சுருட்டாமல் வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவை. ஒவ்வொரு கேசட்டின் விளிம்பிலும் ஒரு சிறிய நகரும் தாழ் இருக்கும். அதைப் பாதுகாப்பு நிலைக்கு நகர்த்திவிட்டால் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது.

பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடா ஒரே இறுக்கத்தில் சுற்றப்பட்டிருக்காது. அதனால் கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஃபார்வர்டு செய்து, மறுபடி தொடக்கம் வரை ரீவைண்ட் செய்துவிட்டு ஓட்டுவது நல்லது. இழுபடும் சத்தமோ கீச்சொலியோ கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

படத்தில் சதுரக் கட்டங்கள் சிதறினாலோ, வீடியோ-8, ஹை-8, வி.எச்.எஸ்.-சி போன்ற அனலாக் (எண்களாக அல்லாமல் அலைகளாகப் பதிவான) கேசட்டில் வெள்ளைக் கோடுகள் நிறைந்தாலோ, கேசட் கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வருவதற்கு முன் ஹெட் அழுக்காக இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்யும் கேசட் கிடைத்தால் அதைச் சுமார் பத்து விநாடிகள் மட்டும் ஓட்டுங்கள். அது நுண்ணிய உப்புத்தாள் போன்றது என்பதால் அதிகம் ஓட்டினால் ஹெட்டே தேய்ந்துவிடும். அதை ரீவைண்டும் செய்யாதீர்கள். லாங் பிளே முறையில், அதாவது 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் அடக்கி எடுத்தவை, எடுத்த அதே கேமராவில்தான் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். ஆகவே அந்தக் கேமராவைப் பழுதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிஜிட்டல் கேசட்டுகள்: ஃபயர்வயர் வழி

மினிடிவி, டிஜிட்டல்-8 ஆகிய இரண்டிலும் நாடாவில் இருப்பது ஏற்கெனவே எண்களாக மாறிய காட்சி. அதைக் கணினிக்குக் கொண்டுவருவது ஒரு கோப்பை நகல் எடுப்பது போன்றதுதான். சரியான வழியில் செய்தால் தரம் துளியும் குறையாது. அந்த வழி ஃபயர்வயர் என்ற வயர் இணைப்பு. சோனி கேமராக்களில் இதன் பெயர் ஐ-லிங்க். கேமராவில் நான்கு பின் கொண்ட சிறு துளையாக இருக்கும்.

இங்கேதான் மிகுதியானோர் தவறுகிறார்கள். பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் யு.எஸ்.பி. துளையும் இருக்கும். ஆனால் அது நினைவக அட்டையில் உள்ள புகைப்படங்களை எடுக்கவோ, வலைக் கேமராபோலத் தரம் குறைந்த சிறிய படத்தை அனுப்பவோ வைக்கப்பட்டது. அதன் வழியாக வந்த படத்தைப் பார்த்துவிட்டு, கேசட்டில் இருந்ததே இவ்வளவுதான் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருமுனை ஃபயர்வயராகவும் மறுமுனை யு.எஸ்.பி.யாகவும் இணையக் கடைகளில் விற்கும் மலிவான வயர்களையும் வாங்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு மொழி பேசும் இணைப்புகள். வெறும் வயர் அவற்றுக்கிடையே மொழிபெயர்க்காது.

இப்போதைய கணினிகளில் ஃபயர்வயர் இல்லாததால், என் பரிந்துரை பழைய மேசைக் கணினி ஒன்றுதான். அதில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் அட்டை ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் சில்லு உள்ள அட்டை தொல்லை தருவது குறைவு. விண்டோஸ் 10இல் கேமரா தெரியவில்லையென்றால், டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டைக்கு ‘லெகசி’ என்று முடியும் பழைய டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மேக் வைத்திருப்பவர்கள் தண்டர்போல்ட் அடாப்டர்கள் இரண்டை அடுத்தடுத்து மாட்டி இணைக்கலாம். ஆனால் 2025இல் வந்த மேக் ஓ.எஸ். 26இல் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டதால், அதற்கு முந்தைய பதிப்பில்தான் இது நடக்கும்.

வயரைச் செருகும்போதும் எடுக்கும்போதும் கேமராவை அணைத்து வையுங்கள். கணினிப் பக்கத்து ஆறு பின் முனையில் மின்சாரமும் வருகிறது. தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் ஃபயர்வயர் பகுதியே எரிந்துபோகலாம். பிறகு கேமராவைப் பார்க்கும் நிலைக்கு, அதாவது வி.சி.ஆர். அல்லது பிளே நிலைக்குத் திருப்புங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை விண்டோஸில் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப் ஆகிய இரண்டும் இலவசம், சிறியவை, வந்ததை வந்தபடியே சேமிப்பவை. ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் வேண்டும், இருபது கேசட்டுகளுக்கு 260 ஜி.பி. ஆகும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எடுக்கும்போதே எம்.பி.4 ஆகச் சுருக்கும் வசதியைத் தொடாதீர்கள். எஃப்.ஏ.டி.32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதால், சேமிக்கும் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்க வேண்டும்.

டிவி வகையின் இன்னொரு நன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொரு சட்டகத்துடனும் பதிவான நாளும் நேரமும் நாடாவிலேயே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து மென்பொருளே காட்சிகளைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து, நாளைப் பெயராக இட்டுவிடும். கேமராவின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்ததா என்பதைக் கல்யாணப் பத்திரிகையோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அனலாக் கேசட்டுகள்

வீடியோ-8, ஹை-8 கேசட்டுகள் இருந்தால், எவரிடமாவது சோனியின் டிஜிட்டல்-8 கேமரா இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அவற்றில் பல மாடல்கள் பழைய அனலாக் 8 மி.மீ. கேசட்டுகளையும் ஓட்டி, உள்ளேயே டிஜிட்டலாக மாற்றி ஃபயர்வயர் வழியாக அனுப்பும். எல்லா மாடல்களும் இதைச் செய்வதில்லை என்பதால் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடைத்தால் மேலே சொன்ன வழியே இங்கும் போதும்.

கிடைக்காவிட்டாலோ, வி.எச்.எஸ்.-சி கேசட்டாக இருந்தாலோ, யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் கருவி ஒன்று வேண்டும். கேமராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் வயரை விட்டுவிட்டு அதையே பயன்படுத்துங்கள். ஒளியும் நிறமும் தனித்தனியாக வருவதால் ஓரங்களில் நிறம் கசிவது குறையும். ஒலிக்குச் சிவப்பு, வெள்ளை வயர்கள் தனியாகத் தேவை. விர்ச்சுவல்டப்-2 மென்பொருளில் பால் முறை, 720 × 576 அளவு, 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்று அமைத்து, ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாச் சுருக்க முறையில் சேமியுங்கள். இதில் ஒரு மணி நேரத்துக்கு 30 ஜி.பி.க்கு மேலும் ஆகலாம்.

பதிவு நடக்கும்போது

நாடா தன் இயல்பான வேகத்தில்தான் ஓடும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கணினியில் வேறு எதையும் செய்யாதீர்கள். உறக்க நிலையையும் தானியங்கிப் புதுப்பித்தலையும் நிறுத்தி வையுங்கள். மென்பொருள் காட்டும் ‘விடுபட்ட சட்டகங்கள்’ எண்ணிக்கை பூச்சியத்தில் இருக்க வேண்டும். கூடிக்கொண்டே போனால், வெளி டிஸ்க்குக்குப் பதிலாகக் கணினிக்குள் இருக்கும் டிஸ்க்கில் சேமித்துப் பாருங்கள்.

முடிந்ததும் கோப்பின் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஒலியோடு பாருங்கள். கட்டங்கள் சிதறிய இடம் இருந்தால் ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஒருமுறை எடுங்கள். இரண்டு முறையும் வேறு வேறு இடங்களில் சிதறியிருந்தால், டிவி-ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இரண்டிலும் நன்றாக வந்த பகுதிகளைச் சேர்த்து ஒரே கோப்பாக்கித் தரும்.

படத்தொகுப்பு

மூலக் கோப்பை நகல் எடுத்துவிட்டு நகலில்தான் தொகுக்க வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, ஷாட்கட், கெடென்லைவ் ஆகிய மூன்று தொகுப்பு மென்பொருள்களில், புதிதாகத் தொடங்குபவருக்கும் பழைய கணினிக்கும் ஷாட்கட் ஏற்றது என்பது என் கருத்து.

முதலில் வரும் சிக்கல் சீப்புப் பற்கள். கேம்கார்டர் ஒவ்வொரு சட்டகத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதிகளாக, நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கிறது. பாலத்தின் மேல் ரயில் விரைந்து போகும் காட்சியைக் கணினித் திரையில் நிறுத்திப் பார்த்தால், இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று விலகி, பெட்டிகளின் ஓரம் சீப்பைப் போலத் தெரியும். இதைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் வசதியில், டிவி கோப்புகளுக்குக் கீழ் வரி முதலில் என்றும், அனலாக் கேப்சர் கோப்புகளுக்குப் பெரும்பாலும் மேல் வரி முதலில் என்றும் குறிப்பிட வேண்டும். மாற்றிக் குறிப்பிட்டால் ரயில் முன்னும் பின்னும் துடிப்பதுபோல் ஓடும். வெளியீட்டை நொடிக்கு 50 சட்டகங்களாக வைத்தால் பழைய தொலைக்காட்சியில் பார்த்த அதே வழுக்கலான அசைவு கிடைக்கும். 25 ஆக்கினால் அசைவில் பாதியைத் தூக்கி எறிந்ததாகிவிடும்.

அடுத்தது வடிவம். 720 × 576 என்பது சதுரப் புள்ளிகளால் ஆனதல்ல. 4:3 விகிதத்தில் எடுத்ததை 1440 × 1080 ஆக வெளியிட்டு, இரு பக்கமும் கருமை விட்டுவிடுங்கள். அகலத் திரையை நிரப்புவதற்காக இழுத்தால் பாட்டியின் முகம் பருத்துவிடும். பெரிதாக்கி வெட்டினால் மணவறையின் மேல் தோரணமும் கீழே அமர்ந்த குழந்தைகளும் போய்விடுவார்கள்.

ஒலியில் கை வைக்கும்போது மிகுந்த அடக்கம் வேண்டும். கேமராவின் மோட்டார் இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில், யாரும் பேசாத இரண்டு விநாடிகளை மாதிரியாகக் காட்டி, ஆறு முதல் ஒன்பது டெசிபெல் வரை குறைத்தால் போதும். அருவிக்கரையில் எடுத்த காட்சிகளில் இதைச் செய்யவே கூடாது. அருவியின் ஓசை இரைச்சலைப் போலவே எல்லா அலைவரிசைகளிலும் பரவியிருப்பதால், மென்பொருள் அதை நீக்க முயன்று பேச்சுக்குரலையும் தகரத்தில் பேசுவதுபோல் ஆக்கிவிடும். நாதசுரமும் செண்டையும் ஒலித்த இடங்களில் கேமரா தானாகவே ஒலியைக் குறைத்திருக்கும். அடுத்து வரும் பேச்சை மட்டும் தனியாகப் பிரித்துச் சற்று உயர்த்துங்கள்.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்ததால், நம் வீட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளை வீட்டார் மலையாளமும் பெண் வீட்டார் தமிழுமாகப் பேசுவது இயல்பு. அந்தப் பேச்சுக்கு இருமொழியிலும் துணைத்தலைப்பு எழுதுவதை நான் வலியுறுத்துகிறேன். யார் யார் இருக்கிறார்கள், என்ன முறை என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு காட்சியை ஓட்டி, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வெளியீட்டுக்கு எச்.264 முறை, தர எண் (சி.ஆர்.எஃப்.) 18, ஒலிக்கு ஏ.ஏ.சி. என்று வைத்தால் எந்தத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓடும். குடும்பக் குழுவில் அனுப்பும் வாட்ஸ்அப் காணொளி அந்தச் செயலியால் மறுபடியும் சுருக்கப்படுகிறது என்பதால், அதை ஒருபோதும் பாதுகாப்பு நகலாகக் கருதாதீர்கள். கோப்பை டாக்குமென்டாக அனுப்புங்கள்.

சேமிப்பு

மூலக் கோப்பு, தொகுத்த படம் இரண்டுக்கும் மூன்று நகல்கள் வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று வெளி டிஸ்க்கில், மற்றொன்று வேறு ஊரில். தென்காசியில் இருப்பவர் புனலூர்ச் சித்தப்பா வீட்டில் ஒரு டிஸ்க்கை வைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களால் தொடங்கும் பெயர் வைத்தால், எந்தக் கணினியிலும் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

கேசட்டுகளைத் தொடக்கம் வரை ரீவைண்ட் செய்து, அவற்றின் உறைகளில் இட்டு, புத்தகம் போலச் செங்குத்தாக நிறுத்தி, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி, தரையையும் வெளிச்சுவரையும் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு சாரல் பருவமும் முடிந்த பிறகு அந்தப் பைகளை மாற்றிவிடுங்கள்.